அன்சிக்குப் போன பாதி ரயில்

பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஓர் ஊருக்கும் மறுபாதி வேறோர் ஊருக்கும் போகும் ரயிலில் அதற்கு முன் நான் ஏறியதில்லை. நம் ஊரிலும் பெட்டி கழற்றுவார்கள். அரக்கோணத்தில் ஒரு பெட்டியைக் கழற்றுவதென்றால் நாலு பேர் கொடி பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எஞ்சின் மூன்று முறை வந்து இடிக்கும், மேல் பலகையில் தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கி வந்து வடை தின்றபடி வேடிக்கை பார்ப்பான். பிரான்சில் ஒரு சத்தமும் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் ஏதோ சொன்னாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தலைவன் பாலு, முன் பெட்டியில் உட்கார்ந்து பிரெஞ்சு செய்தித்தாள் படித்தபடி, எங்களைவிட்டு மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தான். எங்கள் நான்கு பேருக்கான புளிச்சோறும் அவனோடு போயிற்று.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்த ஒரு தொழிற்சாலைக்குப் பிரான்சிலிருந்து இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டப்போகிறவர்கள் அங்கே போய் ஆறு மாதம் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அப்படித்தான் நாங்கள் நான்கு பேர் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வந்து விழுந்தோம். பாலு திருவள்ளூர்க்காரன், தலைமையாசிரியர் மகன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கோபால் ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம், யாரைப் பார்த்தாலும் 'நைனா' என்பான். நான் கவரைப்பேட்டை, நெல் விளைவிக்கிற குடும்பம். நான்காவது ஆள் தேசப்பன். பொன்னேரியில் தன் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா என்று சொல்லியிருந்தான். அதைத் தவிர வேறு எதுவும் அவன் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் பட்டறை. வகுப்பில் எங்களோடு போர்ச்சுகல்காரர் இரண்டு பேர், அல்ஜீரியாக்காரர் ஒருவர். மூன்றாம் மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறாதவனை இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார்கள், மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மதாம் என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியை நல்ல பெண்மணி. ஆனால் தேசப்பன் விஷயத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதுவான். வாயைத் திற என்றால் தரையைப் பார்ப்பான். "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் உங்கள் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதிவிடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தேசப்பன் அதற்கும் தரையைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மதாம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பத்துக் கேள்விகள். நாளைக்கு அன்சி என்ற ஊருக்கு நீங்களாகவே போக வேண்டும், அங்கே உள்ளவர்களிடம் பேசிப் பதில் வாங்கி வர வேண்டும், திங்கட்கிழமை வகுப்பில் வாயால் சொல்ல வேண்டும். பிரான்சிலேயே அழகான ஊர் என்றார். ஊரின் பெயரை அன்னெசி என்று எழுதி அன்சி என்று படிக்க வேண்டுமாம். கோபால் சிரித்தான். திருநின்றவூர் என்று போர்டு எழுதிவிட்டுத் தின்னனூர் என்று டிக்கெட் கேட்கிற நாங்கள் இதற்குச் சிரிக்க நியாயமில்லை.

சனிக்கிழமை ரயிலில் பாலுவுக்கு எங்கள் பெட்டியின் சிகரெட்டுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. கோபாலையும் சோற்றுப் பையையும் கூட்டிக்கொண்டு முன் பெட்டிக்குப் போனான். எனக்கு ஜன்னலோரம் கிடைத்திருந்ததால் நான் எழவில்லை. தேசப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். எக்ஸ்-லே-பேன் என்ற ஜங்ஷனில் நான் மேலே சொன்னது நடந்தது. முன் பாதி ஷாம்பெரி என்ற ஊருக்குப் போயிற்று. எங்கள் பாதி அன்சிக்குப் போயிற்று. ஆக, பிரெஞ்சு தெரிந்தவன் தப்பான ஊருக்கும், தெரியாத நாங்கள் இரண்டு பேரும் சரியான ஊருக்கும் போனோம்.

அன்சி ஸ்டேஷனில் இறங்கியதும் தேசப்பன் கேட்டான். "பாலு சார் எங்கங்க?"

சொன்னேன். அவன் முகத்தில் கவலையைத் தேடினேன். கவலை இல்லை. தலைக்கு மேலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி நிமிர்ந்து நடந்தான்.

ஊர் அழகுதான், மதாம் பொய் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு மேல் பாலம், பாலத்துக்கு மேல் பூந்தொட்டி, தண்ணீரில் அன்னம். தண்ணீரின் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம். எங்கள் பக்கத்து ஆரணியாற்றில் தண்ணீர் வந்தாலே அது செய்தி. வந்த தண்ணீர் இந்த நிறத்தில் இருந்தால் கலெக்டரே வந்து பார்ப்பார்.

மூன்றாம் கேள்வி, வாய்க்காலின் நடுவில் கப்பல் போல நிற்கிற கல் கட்டடம் என்ன என்பது. அக்குளில் நீளமான ரொட்டியை இடுக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாளை நிறுத்தி, வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் கேட்டேன். அங்கேதான் பிசகு. நான் கேட்ட நேர்த்தியைப் பார்த்து எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நம்பிவிட்டார். மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் பதில் சொன்னார். கேள்வியை மனப்பாடம் பண்ணலாம், பதிலை எப்படிப் பண்ணுவது. நான் விழிப்பதைப் பார்த்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கட்டடத்தின் முன் நிறுத்தினார். தன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினார். சிறைச்சாலை. ஊரிலேயே அழகான இடம் எது என்றால் ஜெயிலைக் காட்டுகிறார்கள். தாளில் எழுதிக்கொண்டேன்.

பாலாடைக்கட்டிக் கடை ஒன்றைக் கடந்தோம். கடந்தோம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டவட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிச் செருகியிருந்தார்கள். மீசை வைத்த ஒரு கனவான் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினார்.

"இன்னாங்க இது" என்றான் தேசப்பன். "நம்மூர்ல கருவாட்டுக் கூடையோட பஸ் ஏறுனா கண்டக்டர் நடுரோட்ல எறக்கி வுட்டுர்றான். இங்க கண்ணாடிப் பொட்டில வெச்சிப் பேரு எழுதிக்கினு இருக்கான்."

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்தது அன்றுதான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். புளிச்சோறு ஷாம்பெரியில் இருந்ததால் ஒரு ரொட்டியும் அந்தப் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம்.

ஏரியைச் சுற்றி மலை, மலை உச்சியில் மே மாதத்திலும் பனி. படத்தில் போட்டால் நம்ப மாட்டார்கள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தேசப்பன் தின்னவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்தடிக்கு அப்பால சரியான ஆழங்க" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நெறத்தப் பாருங்க. காத்து இன்னும் செத்த நேரத்துல திரும்பும்."

கூட்டுறவுச் சங்கத்தில் இதெல்லாம் சொல்லித் தருவார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாயில் ரொட்டி இருந்தது.

ஏரிக்கு எதிரிலேயே நகரசபைக் கட்டடம். அங்கே அன்று ஒரு கல்யாணம். பதிவு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் உறவினரோடு கரைக்கு வந்தார்கள். புகைப்படக்காரர் ஒரு சின்னப் படகில் இருவரையும் உட்காரவைத்தார். மாப்பிள்ளை கறுப்பு கோட்டு, பெண் வெள்ளை உடை, மடியில் பூங்கொத்து. கொஞ்சம் தள்ளிப் போ என்றார். மாப்பிள்ளை துடுப்புப் போட்டார். இன்னும் கொஞ்சம் என்றார். புகைப்படக்காரர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி, எதிரில் இருப்பவன் கிணற்றில் விழும்வரை பின்னால் போகச் சொல்வார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தபோது ஒரு துடுப்பு நழுவித் தண்ணீரில் போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப்போய் இன்னொன்றையும் விட்டார். அப்போது காற்று திரும்பியது.

படகு உள்ளே உள்ளே போயிற்று. கரையில் நாற்பது பேர் யோசனை சொன்னார்கள். கரையில் நின்று யோசனை சொல்வதில் அவர்களும் நாமும் ஒரே இனம். கையால் தள்ளு என்றார் ஒருவர். கோட்டைக் கழற்றிப் பாயாகப் பிடி என்றார் இன்னொருவர். வாடகைப் படகுகள் எல்லாம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தன. படகுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை பிரான்சில் நீங்கள் முழுகுவதாக இருந்தாலும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். தூரத்தில் சுற்றுலாக் கப்பல் ஒன்று அவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை சொல்கிற சத்தம் அடங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். தேசப்பனின் பூட்ஸ் இரண்டும் ஜோடியாகப் பெஞ்சுக்குக் கீழே இருந்தன. அவன் முழங்காலுக்கு மேல் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, கரையோரம் கட்டியிருந்த ஒரு நீளமான தட்டைப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இத கெட்டியாப் புடிங்க" என்று கயிற்றை என்னிடம் கொடுத்தான். பிடித்தேன். அவன் படகைத் தள்ளினான். கயிறு என்னை இழுத்தது. விட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. அந்த நேரத்தில் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னது மட்டும்தான் மனதில் இருந்தது. இடறிப் படகுக்குள் விழுந்து, எழுந்து நிற்கப் பார்த்தேன்.

"குந்துடா" என்றான் தேசப்பன்.

இரண்டரை மாதமாக என்னை நீங்க, வாங்க என்றவன். குந்தினேன். எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் யாரும் இல்லை.

அவன் உட்காரவில்லை. படகின் பின்முனையில் காலை அகட்டி நின்று, ஒரே ஒரு நீளத் துடுப்பைத் தண்ணீரில் செருகி இப்படியும் அப்படியும் புரட்டினான். படகு அம்பு மாதிரி போயிற்று. பட்டறையில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு நாலு பேரைப் பார்த்து முழிக்கிற தேசப்பன் இவன்தானா என்று நான் அண்ணாந்து பார்த்தேன். கரையிலிருந்து ஒரு பெரியவர், கோட்டில் பூச் செருகியவர், கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் கத்தியதில் எனக்குப் புரிந்தது 'என் படகு' என்பது மட்டும். அதுவே போதுமானதாக இருந்தது. திருட்டுக் கேஸில் மாட்டினால் தேர்வுக்கு முன்பே ஊர் போய்ச் சேரலாம். அந்த ஜெயில் பழைய ஜெயில்தான், புதியது எங்கேயாவது இருக்கும்.

கல்யாணப் படகின் பக்கம் போனபோது மாப்பிள்ளை வெளுத்துப் போயிருந்தார். பெண் பூங்கொத்தைப் பிடித்தபடி தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். யார் உதவியும் இல்லாமல் நான் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் பிரெஞ்சு வாக்கியம் அவள் சொன்னதுதான். "உன் தம்பிக்குத் துடுப்புப் போடத் தெரியும்."

சுற்றுலாக் கப்பல் ஊதியது. அது கிளப்பிய அலை எங்களை நோக்கி வந்தது. மாப்பிள்ளை பதறி எழுந்து நின்றார். அவர்கள் படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. பெண் முதல் முறையாக அலறினாள்.

"எய்ந்திருக்காதய்யா. குந்து" என்றான் தேசப்பன் தமிழில், உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டி. பிரெஞ்சு மாப்பிள்ளை குந்தினார். தேசப்பன் எங்கள் படகைத் திருப்பி அலைக்கு நேராக முகத்தைக் கொடுத்தான். நாங்கள் ஏறி இறங்கினோம். அந்தப் படகு எங்கள் மறைவில் லேசாக ஆடியதோடு சரி. அப்புறம் கயிற்றின் மறுமுனையை அவர்கள் படகில் கட்டினான். கரைக்குத் திரும்ப அரை மணி ஆயிற்று, எதிர்காற்று. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் செய்த ஒரே வேலை, கவிழாமல் இருந்தது.

கரையில் அந்தப் பெரியவர் புதுப் பூட்ஸோடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'நாங்கள் திருடர்கள் அல்ல, பயிற்சியாளர்கள்.' அதற்கு அவசியம் வரவில்லை. அவர் படகின் முனையைப் பிடித்தார். தேசப்பன் போட்டிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், தேசப்பனைப் பார்த்தார், மறுபடியும் முடிச்சைப் பார்த்தார். பிறகு அவனைப் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். தேசப்பன் கம்பம் மாதிரி நின்றான். அடுத்து பெண்ணின் அம்மா. அடுத்து பதினைந்து இருபது உறவினர்கள். எனக்கும் பங்கு கிடைத்தது. மாப்பிள்ளை மட்டும் எங்கள் பக்கமே வரவில்லை. அன்று சாயங்காலம்வரை வரவில்லை.

பெரியவர் பெண்ணின் பெரியப்பா. விருந்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று எங்களைத் தோளில் கைபோட்டு நடத்திப் போனார். ஏரியோரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையின் தோட்டத்தில் நீள மேஜை. தேசப்பனின் ஈரப் பேண்டைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆளுக்கொரு முழு மீன் வந்தது, தலையும் வாலுமாக, வெண்ணெயில் வாட்டி, மேலே பாதாம் சீவிப் போட்டு.

"உப்பு இல்ல, காரம் இல்ல, புளி இல்ல" என்றான் தேசப்பன் மெதுவாக. "ஆனா இன்னிக்குப் புடிச்ச மீனு."

பிறகு தின்றான். நான் கத்தியாலும் முள்கரண்டியாலும் என் மீனைக் கொத்துக் கறி ஆக்கிக்கொண்டிருந்தேன். மேஜையில் பாதிப் பேர் அப்படித்தான். தேசப்பன் தட்டில் ஐந்து நிமிடத்தில் தலையிலிருந்து வால்வரை ஒரு முள் உடையாமல் சீப்பு மாதிரி எலும்பு மட்டும் கிடந்தது. எதிரில் இருந்த பெரியவர் தன் தட்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அதிலும் அதே மாதிரி ஒரு சீப்பு.

பெரியவர் முன்னால் சாய்ந்து, நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போல் கேட்டார். "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?"

இந்தக் கேள்வி எங்கள் மூன்றாம் பாடம். பதிலும் அதிலேயே உண்டு. 'என் அப்பா குமாஸ்தா.' தேசப்பன் அதை முப்பது தடவை நோட்டில் எழுதியிருக்கிறான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"என் அப்பா" என்று பிரெஞ்சில் தொடங்கினான். நின்றுவிட்டான். தட்டைப் பார்த்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். மடியில் விரித்திருந்த பெரிய வெள்ளைத் துணியை எடுத்தான். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மீதியைக் கொசுவி முழங்கையில் போட்டு, இடுப்பைத் திருப்பி ஒரே வீச்சாக வீசினான். துணி காற்றில் வட்டமாக விரிந்து போய், தொப்பி போட்ட ஓர் அத்தையின் தலையில் இறங்கியது.

பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு. "பேஷேர்." பிறகு தேசப்பனின் நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். "உன் அப்பா, பேஷேர்?"

"என் அப்பா பேஷேர்" என்றான் தேசப்பன். மீன் பிடிக்கிறவன் என்ற வார்த்தை எங்கள் பாடத்தில் இல்லை. குமாஸ்தா, டாக்டர், வாத்தியார், விவசாயி எல்லாம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதை மொழிபெயர்க்க முடியாது, அதில் மொழி கொஞ்சம்தான் இருந்தது. வலையின் கண் எவ்வளவு என்று விரலால் கேட்டார். இவன் விரலால் சொன்னான். இறால் என்பதற்கு மீசை வரைந்து காட்டினான். தங்கள் ஊர்த் தண்ணீருக்கு வருகிற பறவைகளைத் தானே நின்று காட்டினான், ஒற்றைக் காலில். மேஜை முழுக்கச் சிரித்தது. இவனும் சிரித்தான். நடுநடுவே மதாம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், எப்போது உள்ளே போயினவோ, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தண்ணீர், காலை, என் தம்பி, குளிர் இல்லை, உப்பு.

வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் கேட்டேன். "பொன்னேரின்னு சொன்னியே?"

"பயவேற்காடு. ஏரிக்கு அந்தாண்ட குப்பம்" என்றான். "இண்டர்வியூல கேட்டாங்கோ. சொன்னா எடுக்கமாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. குமாஸ்தான்னு சொல்லிட்டேன். ஒருவாட்டி சொல்லிட்டா அப்பால மாத்த முடியல. பேசுனா எங்க பேச்சு வந்துரும், கண்டுபுடிச்சிருவாங்கன்னு வாயத் தொறக்கறதே இல்ல. பேஜாராப் பூட்ச்சிபா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவனே சொன்னான். "எங்கம்மா உங்க ஊருக்குக் கருவாடு எடுத்துக்கினு வரும். சின்னப் புள்ளையில நானும் கூட வந்துக்கிறேன்."

எங்கள் வீட்டுக்கும் கூடைக்காரிகள் வருவார்கள். வேலிப் படலுக்கு வெளியே நிற்கவைத்து, முறத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போவது எங்கள் அம்மாவின் வழக்கம். நான் அதில் எந்தத் தப்பும் பார்த்தவனில்லை. "எங்க வீட்டுக்கு வந்திருக்கியா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "தெரியலபா. வெளியிலருந்து பாத்தா எல்லா ஊடும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சொல்வதற்கு இருந்ததைத் தமிழிலும் நான் படித்திருக்கவில்லை.

எக்ஸ்-லே-பேன் ஜங்ஷனில் பாலுவும் கோபாலும் ஒரு பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஷாம்பெரியில் இறங்கி அதுதான் அன்சி என்று இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள்.

"நடு ஊர்ல நாலு யானை சிலை நைனா" என்றான் கோபால். "நெஜமா யானை. இம்மாந்தூரம் பிளேன்ல வந்து யானையப் பாத்துக்கினு நிக்கிறோம். நான் அப்பவே சொன்னேன், ஊரு தப்புன்னு. இவரு கேக்கலியே. ஏரி எங்க, ஏரி எங்கன்னு எல்லாரையும் நிறுத்தி நிறுத்திக் கேக்கிறாரு. ஒரு ஆளு ரயிலைக் காட்டுறான், ஒரு ஆளு பத்து கிலோமீட்டர்ன்றான்."

"கேள்விகளுக்கு ஏறக்குறையப் பதில் கிடைத்துவிட்டது" என்றான் பாலு. தாளைக் காட்டினான். பத்துக்கும் எழுதியிருந்தான், முத்து முத்தாக. புளிச்சோற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோபால் தானாகவே ஊசிப்போச்சு என்றான்.

தேசப்பன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. விடுதி அறையில் தன் பிரெஞ்சு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி உட்கார்ந்திருந்தான். நானும் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. அவன் சொல்லாமல் விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒன்றைச் சொல்வதும், தினமும் முகத்தில் விழிக்கிறவர்களிடம் சொல்வதும் ஒன்றா.

திங்கட்கிழமை மதாம் முதலில் பாலுவை எழுப்பினார். பாலு பிரமாதமாகப் பேசினான். ஊரின் நடுவில் உள்ள நினைவுச் சின்னம், அதன் நான்கு யானைகள் என்று சரளமாகப் போனபோது மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "பாலு, இலக்கணம் மிக நன்றாக இருக்கிறது. ஊர்தான் வேறு" என்றார். போர்ச்சுகல்காரர்கள் மேஜையில் தட்டினார்கள். அடுத்து நான். சிறைச்சாலை, பூந்தொட்டி, அன்னம். பரவாயில்லை என்றார்.

அடுத்து தேசப்பன். மதாம் நம்பிக்கையில்லாமல்தான் கூப்பிட்டார். தேசப்பன் எழுந்தான். தரையைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமை, ஏரி. காற்று. ஒரு கல்யாணம்" என்று ஆரம்பித்தான். வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாகக் கல் அடுக்குவது போல் அடுக்கினான். துடுப்பு இல்லை. மாப்பிள்ளை, பயம். பெண், கோபம். பெரிய கப்பல். அல்ஜீரியாக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மதாம் எழுதுவதை நிறுத்திவிட்டார். பாலு என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பெரியவரின் படகு, கயிறு, கரை, முத்தம் என்று சொல்லி முடித்துவிட்டு, தேசப்பன் மூச்சு வாங்கி நின்றான். உட்காரப் போகிறான் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்படிப் படகு ஓட்டத் தெரியும்?" என்று கேட்டார் மதாம்.

"என் அப்பா" என்றான் தேசப்பன். "என் அப்பா பெஷேர்."

மதாமின் புருவம் ஏறியது. போர்ச்சுகல்காரர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வார்த்தையை வாயைத் திறந்து நீட்டிச் சொன்னால் மீன் பிடிக்கிறவன். வாயைக் குறுக்கிச் சொன்னால் பாவி.

பாலுவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "உங்கப்பா பாவின்னு சொல்லிட்டய்யா" என்றான் தமிழில்.

தேசப்பன் கொஞ்சம் யோசித்தான். "அதுவும்தான், மதாம். சனிக்கிழமைகளில்" என்றான் பிரெஞ்சில்.

மதாம் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கரும்பலகையில் இரண்டு வார்த்தைகளையும் எழுதி, வித்தியாசத்தைக் காட்டினார். மீன் பிடிக்கிறவன் என்ற வார்த்தையின் அடியில் வலையும் மீனும் வரைந்தார். பாலு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கூட்டுறவுச் சங்கம்னு சொன்னியே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அது மூணாம் பாடம்" என்றான் தேசப்பன். "இது வேற பாடம்."

மதாம் தன் நோட்டில் அவன் பெயருக்கு நேரே நீளமாக ஏதோ எழுதினார். தொழிற்சாலைக்குக் கடிதம் எதுவும் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அன்று அதைவிட முக்கியமான வேலை அவருக்கு இருந்தது. ஒருவன் செய்த தப்பை வகுப்பே சேர்ந்து திருத்துவது அவர் முறை. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். கையை உயர்த்தினார்.

நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளையான நானும், கோபாலும், போர்ச்சுகல்காரர் இருவரும், அல்ஜீரியாக்காரரும், திருவள்ளூர்த் தலைமையாசிரியர் மகனும், எல்லோருக்கும் நடுவில் தேசப்பனும் நின்று, என் அப்பா மீனவர், என் அப்பா மீனவர் என்று பிரெஞ்சில் சேர்ந்து சொன்னோம். சரியாக வரும்வரை பத்துத் தடவை சொன்னோம். பாலுவின் உச்சரிப்புதான் எல்லோரையும்விடத் திருத்தமாக இருந்தது என்று மதாம் பாராட்டினார்.